நேரடி இணைப்பா, நடுவில் சர்வரா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மென்பொருளைப் பயனர்களிடம் கொண்டுபோய் நிறுவும்போது டேட்டாபேஸைத் தொடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பயனரின் கணினியில் ஓடும் நிரலே டேட்டாபேஸின் போர்ட்டைத் (நெட்வொர்க்கில் அது கேட்டுக்கொண்டிருக்கும் எண்ணிட்ட வாசல்) தட்டி நேராகப் பேசலாம். அல்லது நடுவில் ஒரு சர்வர் இருந்து, பயனர் கேட்பதை வாங்கி, தானே டேட்டாபேஸிடம் பேசி, பதிலைத் திருப்பித் தரலாம். சோதனைக் கணினியில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஓடும். நூறு பேர் கைக்குப் போன பிறகுதான் குணம் தெரியும். அந்த நேரத்தில் ஒருவர் "நேரடி இணைப்பே தப்பு, நடுவில் சர்வர் போடலாம்" என்பார். இன்னொருவர் "சர்வர்தான் தடங்கல், அதை எடுத்துவிடலாம்" என்பார். வழியை மாற்றுவது வாரக்கணக்கில் வேலை வைக்கும் காரியம். கோளாறோ பெரும்பாலும் வழியின் ஏதோ ஒரு கண்ணியில் மட்டும் இருக்கும். எந்தக் கண்ணி என்று பார்த்துவிட்டு அப்புறம் வழியைப் பற்றிப் பேசலாம்.

தொடங்கும் முன் ஒரு வேலை. பயனரின் கணினியிலிருந்து ஒரு முறை, நடுச் சர்வரிலிருந்து ஒரு முறை, டேட்டாபேஸ் இருக்கும் கணினியிலேயே ஒரு முறை என்று ஒரே எளிய வினவலை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) மூன்று இடத்திலும் ஓட்டுங்கள். எந்த இடத்தில் வருகிறது, எந்த இடத்தில் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே பிழைச்செய்தியைச் சொல் மாறாமல் எழுதி வையுங்கள். "கனெக்ட் ஆகவில்லை" என்று பயனர் சொல்வது பிழைச்செய்தி ஆகாது.

"இணைப்பே கிடைக்கவில்லை"

இதற்குள்ளேயே மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன. நிரல் பல விநாடிகள் காத்திருந்துவிட்டு டைம்அவுட் என்றால், நீங்கள் அனுப்பியது வழியில் எங்கோ சத்தமில்லாமல் தூக்கி எறியப்படுகிறது. அது அநேகமாக ஃபயர்வால், சில சமயம் தவறான முகவரி. உடனே கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்று வந்தால் அந்தக் கணினி வரை போய்விட்டீர்கள், ஆனால் அந்த போர்ட்டில் யாரும் காது கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. பயனர் பெயர், கடவுச்சொல் பற்றிப் பேசும் பிழை வந்தால் நெட்வொர்க்கை மறந்துவிடுங்கள், அது முழுதாக வேலை செய்கிறது.

ரெஃப்யூஸ்ட் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது டேட்டாபேஸ் எந்த முகவரியில் கேட்கிறது என்பதை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் தன் இயல்பு அமைப்பில் லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது அதே கணினிக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். லிசன் அட்ரஸஸ் என்ற அமைப்பை மாற்றி, சர்வீஸை மறுபடி தொடங்கினால்தான் வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பதில் சொல்லும். அதன் பிறகும் பிஜி எச்பிஏ கோப்பில் (யார் எங்கிருந்து நுழையலாம் என்ற பட்டியல்) உங்கள் முகவரிக்கு ஒரு வரி இல்லை என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அந்தச் செய்தியில் உங்கள் முகவரியையும் பயனர் பெயரையும் அதுவே சொல்லிவிடும் என்பதால் இதைப் பிடிப்பது சுலபம்.

மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் பெயரிட்ட இன்ஸ்டன்ஸ் (தனிப் பெயரோடு ஓடும் நிறுவல்) வைத்திருப்பவர்கள் அதன் வழக்கமான 1433 போர்ட்டைத் திறந்துவிட்டு ஏன் வரவில்லை என்று விழிப்பார்கள். பெயரிட்ட இன்ஸ்டன்ஸ் வழக்கமாக வேறு ஏதோ போர்ட்டில் இருக்கும். அது எது என்று சொல்வது யுடிபி 1434-இல் ஓடும் பிரவுசர் சர்வீஸ். அந்த இன்ஸ்டன்ஸுக்கு நிலையான போர்ட் எண் ஒன்றைக் கொடுத்து, இணைப்புச் சரத்திலும் (எங்கே, எப்படி இணைவது என்று நிரலுக்குச் சொல்லும் வரி) அதையே எழுதிவிட்டால் இந்தத் தலைவலி அதோடு தீரும்.

இந்த அறிகுறி வழியை மாற்றச் சொல்கிறதா? ஒரே கட்டடம், ஒரே நெட்வொர்க் என்றால் இல்லை, ஒரு ஃபயர்வால் விதியோடு முடிகிற கதை. ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளர் இடத்திலும் போஸ்ட்கிரெஸின் 5432-ஐயோ மைஎஸ்க்யூஎல்லின் 3306-ஐயோ திறக்கச் சொல்லி ஒவ்வொரு நெட்வொர்க் நிர்வாகியிடமும் கெஞ்ச வேண்டியிருந்தால், அது சர்வர் பக்கம் போகச் சொல்லும் தெளிவான அடையாளம். எச்டிடிபிஎஸ் பயன்படுத்தும் 443 போர்ட் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஏற்கெனவே வெளியே போகத் திறந்திருக்கும். டேட்டாபேஸ் போர்ட்டை இணையத்தைப் பார்த்துத் திறந்து வைப்பதை மட்டும் ஒரு தீர்வாகவே எண்ண வேண்டாம்.

"அவர் கணினியில் வருகிறது, என் கணினியில் வரவில்லை"

நேரடி இணைப்புக்கே உரிய நோய் இது. ஒவ்வொரு கணினியிலும் டிரைவர் (டேட்டாபேஸோடு பேச நிரலுக்கு உதவும் மென்பொருள்) இருக்க வேண்டும், சரியான பதிப்பாக இருக்க வேண்டும், நிரலின் பிட் அளவோடு பொருந்தவும் வேண்டும். 32 பிட் நிரல் 64 பிட் ஓடிபிசி (டேட்டாபேஸோடு பேசும் ஒரு பொதுமுறை) டிரைவரைப் பயன்படுத்த முடியாது. விண்டோஸ் இங்கே ஒரு வேடிக்கை செய்து வைத்திருக்கிறது: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 அடைவில் இருக்கும் ஓடிபிசி நிர்வாகி 64 பிட்டுக்கானது, சிஸ்வாவ்64 அடைவில் இருப்பதுதான் 32 பிட்டுக்கானது. பெயரை நம்பிப் போனால் தலைகீழ். தரவுமூலம் (ஓடிபிசி நிர்வாகியில் பதிந்த இணைப்பு விவரம்) கண்ணெதிரே இருக்கிறது, நிரல் மட்டும் இல்லை என்று சாதிக்கிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

இன்னொன்று, மைக்ரோசாஃப்ட்டின் ஓடிபிசி டிரைவர் 18. அதற்கு முந்தைய 17 வரை மறையாக்கம் கேட்டால்தான் வரும். 18-இல் அது இயல்பாகவே கட்டாயம். சர்வரில் இருப்பது சுயமாகக் கையொப்பமிட்ட சான்றிதழ் என்றால், டிரைவரைப் புதுப்பித்த கணினிகளில் மட்டும் சான்றிதழை நம்ப முடியவில்லை என்று இணைப்பு அறுந்துபோகும். சர்வர் சான்றிதழை நம்பு என்ற அமைப்பைப் போட்டு வாயை அடைக்கலாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். முறையான மருந்து சர்வருக்கு நல்ல சான்றிதழ் போடுவது.

கணினிகள் பத்துப் பன்னிரண்டு என்றால் கையாலேயே சரிசெய்துவிடலாம். எண்ணிக்கை கூடக்கூட, டிரைவரைப் பராமரிப்பதே தனி உத்தியோகமாகும். நடுவில் சர்வர் இருந்தால் டிரைவர் ஒரே இடத்தில் இருக்கும், பயனர் பக்கம் எச்டிடிபிஎஸ் பேசத் தெரிந்தால் போதும்.

"காலையில் நன்றாக ஓடும், கூட்டம் சேர்ந்ததும் விழும்"

லாகில் டூ மெனி கனெக்‌ஷன்ஸ் என்றோ டூ மெனி க்ளையன்ட்ஸ் என்றோ இருக்கும். போஸ்ட்கிரெஸின் இயல்பு உச்சவரம்பு 100 இணைப்புகள், அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை. மைஎஸ்க்யூஎல்லில் 151. நேரடியாக இணையும் மேசைக்கணினி நிரல் ஒன்று, திறந்த நொடியிலிருந்து மூடும்வரை ஓர் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். பயனர் திரையைத் திறந்து வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தாலும் இணைப்பு அவர் பெயரில்தான் இருக்கும். 98-ஆவது ஆள் வந்ததும் கதவு சாத்தப்படும்.

உச்சவரம்பை 1000 ஆக்கிவிடலாமே என்ற யோசனை முதலில் வரும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் தனி இயங்குதளச் செயல்முறை. சும்மா இருந்தாலும் நினைவகம் தின்னும், எல்லாம் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டால் சிபியு மூச்சுத் திணறும். கொஞ்சம் ஏற்றலாம், தப்பில்லை. பத்து மடங்கு ஏற்றுவது பிரச்சினையை வேறு பெயரில் திரும்பக் கூப்பிடுவதுதான்.

ஆனால் நடுவில் சர்வர் வைத்தவர்களுக்கும் இதே பிழை வருகிறது, அதைப் பிடிப்பது இன்னும் கடினம். சர்வர் சில இணைப்புகளைத் திறந்தே வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் தொகுப்புக்குப் பூல் என்று பெயர். ஜாவாவில் பரவலாகப் பயன்படும் ஹிகாரி பூலின் இயல்பு அளவு 10. எட்டு சர்வர் நகல்கள் ஓடினால் 80 இணைப்புகள், 97-க்குள் அடங்குகிறது, எல்லாம் சுகம். புதிய பதிப்பை நிறுவும் நாளில் பழைய எட்டு இறங்கும் முன் புதிய எட்டும் ஏறிவிடுகின்றன. கொஞ்ச நேரத்துக்கு 160 இணைப்புகள் தேவை. புதிய நகல்கள் இணைப்புக் கிடைக்காமல் விழுகின்றன, நிறுவல் கருவி அவற்றை மறுபடி எழுப்புகிறது, அவை மறுபடி விழுகின்றன. புதிய நிரலில்தான் பிழை என்று எல்லாரும் நிரலைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நிரலில் ஒன்றும் இருக்காது. பூல் அளவை நகல்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதையும் இரண்டால் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகை உச்சவரம்புக்குள் வர வேண்டும். நகல்களை ஒன்றொன்றாக மாற்றும்படி நிறுவல் கருவியை அமைத்திருந்தால் இரண்டால் பெருக்கத் தேவையில்லை, ஒரு நகலின் பூல் அளவைக் கூட்டினால் போதும்.

எண்ணிக்கையை மாற்றும் முன் இணைப்புகளை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று உள்ளே எட்டிப் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற காட்சி இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் ஷோ பிராசஸ்லிஸ்ட், எஸ்க்யூஎல் சர்வரில் எஸ்பி ஹூ2. போஸ்ட்கிரெஸ் பட்டியலில் ஐடில் என்று வரிசையாக நின்றால், சும்மா கிடக்கும் இணைப்புகள் அவை. பூல் தேவை என்று பொருள். ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன் என்று நின்றால் கதை வேறு. யாரோ பரிவர்த்தனையை (மொத்தமாக முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுதி) தொடங்கிவிட்டு முடிக்காமல் போயிருக்கிறார்கள். அது பூட்டுகளையும் பிடித்துக்கொண்டிருக்கும், அடுத்தவர்களையும் நிறுத்தி வைக்கும். இது நிரலில் உள்ள பிழை. நேரடியிலும் வரும், சர்வர் வழியிலும் வரும், வழியை மாற்றினால் போகாது. அதற்கென்று டைம்அவுட் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு வைத்தால் குற்றவாளி தானாக லாகில் மாட்டுவார்.

முழு சர்வர் எழுத நேரமில்லை, இணைப்பு எண்ணிக்கைதான் பிரச்சினை என்றால் போஸ்ட்கிரெஸுக்கு முன்னால் நின்று இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் போன்ற ஓர் இடைத்தரகர் போதும். நிரலில் போர்ட்டை 5432-இலிருந்து பிஜிபவுன்சரின் 6432-க்கு மாற்றினால் முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. டிரான்ஸாக்‌ஷன் முறையில் ஓட்டினால்தான் உண்மையான பலன், ஆனால் அந்த முறையில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வேறு வேறு இணைப்பு கிடைக்கலாம். அமர்வு முழுக்க நிற்கும் என்று நம்பிச் செய்த செட் கட்டளைகள், லிசன் (அறிவிப்புக்குக் காத்திருக்கும் கட்டளை), அமர்வு அளவிலான ஆலோசனைப் பூட்டுகள் எல்லாம் பொய்த்துப்போகும். பிரிபேர்டு ஸ்டேட்மென்ட் (முன்கூட்டித் தயாரித்து வைக்கும் வினவல்) தொல்லை மட்டும் பிஜிபவுன்சரின் 1.21 பதிப்பிலிருந்து பெருமளவு தீர்ந்தது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் புதுப்பிப்பது நல்லது.

"கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வந்தால் அறுந்திருக்கிறது"

முதல் கிளிக் பிழை, இரண்டாவது கிளிக் சரி. அல்லது முதல் கிளிக்கில் திரை பல நிமிடங்கள் உறைந்து நிற்கும். நடுவில் யாரோ சும்மா கிடக்கும் இணைப்பை வெட்டிவிடுகிறார்கள். யார் என்பதைக் காட்டிக்கொடுப்பது நேரம்தான். எட்டு மணி நேரம் கழித்து என்றால் மைஎஸ்க்யூஎல்லின் வெயிட் டைம்அவுட், இயல்பு 28,800 விநாடி. ஆறு நிமிடத்துக்குச் சற்று முன் என்றால் அமேசான் கிளவுடின் நாட் கேட்வே (உள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் வாசல்), அது 350 விநாடியில் வெட்டும். நான்கு நிமிடம் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் கிளவுடில் லோட் பேலன்சரின் இயல்பு அளவு. ஃபயர்வால்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு.

கீப்அலைவ் (சும்மா கிடக்கும் இணைப்பை அவ்வப்போது தட்டிப் பார்க்கும் வசதி) இருக்கிறதே என்பீர்கள். லினக்ஸில் அதன் இயல்பு 7,200 விநாடி. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் முதல் தட்டு தட்டும், அதுவும் நிரல் கேட்டிருந்தால் மட்டும். 350 விநாடியில் வெட்டுபவரிடம் இதனால் பயன் இல்லை. இணைப்புச் சரத்திலோ சர்வர் அமைப்பிலோ 60 விநாடிக்கு இறக்குங்கள்.

நேரடி இணைப்பில் இதை ஒவ்வொரு கணினியிலும் செய்ய வேண்டும். சர்வர் வழியில் பூலில் ஒரு தடவை: இணைப்பின் அதிகபட்ச ஆயுளை வெட்டுபவரின் நேரத்தைவிடக் குறைவாக வையுங்கள், அல்லது பூலே அவ்வப்போது தட்டிப் பார்க்கும்படி செய்யுங்கள். பயனர்கள் வைஃபையிலும் விபிஎன்னிலும் வந்து போகிறவர்கள் என்றால் நேரடி இணைப்பு அவர்களுக்கு என்றைக்கும் நிம்மதி தராது. நீண்ட நேரம் உயிரோடு இருக்க வேண்டிய இணைப்பை நிலையான நெட்வொர்க்கில் இருக்கும் சர்வரிடம் விட்டுவிடுவது நல்லது.

"பக்கத்தில் வேகம், தொலைவில் ஆமை"

ஒரு விலைப்பட்டியல் திரையை எடுத்துக்கொள்வோம். தலைப்பு விவரத்துக்கு ஒரு வினவல். பட்டியலில் 60 வரிகள், ஒவ்வொரு வரிக்கும் பொருளின் பெயருக்கு ஒன்று, இருப்புக்கு ஒன்று, வரி விகிதத்துக்கு ஒன்று. மொத்தம் 181 வினவல்கள். டேட்டாபேஸ் அதே அறையில் இருந்தால் போய்வர அரை மில்லிவிநாடி என்று வைத்தாலும் பயண நேரம் பத்தில் ஒரு விநாடிகூட ஆகாது, யாருக்கும் தெரியாது. அதே நிரலை 40 மில்லிவிநாடி தொலைவிலிருந்து ஓட்டினால் 7.24 விநாடி. நிரல் மாறவில்லை, டேட்டாபேஸ் மாறவில்லை, பேண்ட்வித் எவ்வளவு கூட்டினாலும் இது குறையாது. ஒவ்வொரு கேள்வியும் முந்தைய பதிலுக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரிபார்ப்பது சுலபம். பிங் நேரத்தை எடுத்து, டேட்டாபேஸ் லாகில் அந்தத் திரை எத்தனை வினவல் அனுப்புகிறது என்று எண்ணி, இரண்டையும் பெருக்குங்கள். விடை திரையின் தாமதத்துக்கு அருகில் வந்தால் வழக்கு முடிந்தது. சர்வரை டேட்டாபேஸுக்கு அருகில் வைத்து, 181 கேள்வியையும் அது அங்கேயே கேட்டு முடித்து, பயனருக்கு ஒரே பதிலாக அனுப்பினால் 40 மில்லிவிநாடி ஒரே தடவைதான் செலவாகும்.

இதில் ஒரு பொறி உண்டு. சர்வர் போடுகிறோம் என்று, ஒவ்வொரு வினவலுக்கும் ஒரு எபிஐ அழைப்பு (பயனர் நிரல் சர்வரிடம் வைக்கும் கோரிக்கை) எழுதிவிட்டு, பயனர் நிரலே 181 தடவை அழைத்தால் முன்பைவிட மோசமாகும். இப்போது ஒவ்வொரு பயணத்தோடும் எச்டிடிபி தலைப்புகளும் டோக்கன் சரிபார்ப்பும் சேர்ந்து வரும். திரைக்கு ஒரு அழைப்பு என்று வடிவமைக்க முடியாவிட்டால் சர்வரால் பெரிய லாபம் இல்லை. அதற்கு முன், 181 வினவலை ஜாயின் (பல அட்டவணைகளை ஒரே வினவலில் இணைப்பது) போட்டு மூன்றாக்க முடியுமா என்றும் ஒரு முறை பாருங்கள். பல சமயம் அதோடே முடிந்துவிடும்.

"சர்வர் போட்ட பிறகுதான் புதுப் பிழை வருகிறது"

பிழை எண்ணைப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் (கோரிக்கையை வாங்கிச் செயலிக்கு அனுப்பும் வெப் சர்வர்) முன்னால் இருந்தால் 502 என்பது பின்னால் இருக்கும் செயலி இறந்துவிட்டது அல்லது இணைப்பை மறுத்தது. 504 என்றால் செயலி உயிரோடு இருக்கிறது, 60 விநாடிக்குள் பதில் தரவில்லை. 413 என்றால் பயனர் 1 எம்பிக்கு மேல் கோப்பு அனுப்பியிருக்கிறார். பின்னவை இரண்டும் இயல்பு அளவுகளால் வருபவை. 504-க்கு நேரத்தைக் கூட்டுவது கடைசி வேலையாக இருக்கட்டும். ஒரு நிமிடம் ஓடும் அறிக்கை நேரடி இணைப்பில் பேசாமல் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. வினவலைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் பின்னணி வேலையாக்குங்கள்.

"நேரடியாக வந்தால் அனுமதி இருக்கிறது, சர்வர் வழியாக வந்தால் இல்லை"

விண்டோஸ் அடையாளத்தோடு எஸ்க்யூஎல் சர்வரில் நுழைபவர்களுக்கு இது பழக்கமான காட்சி. பிழை 18456, பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அநானிமஸ் லாகான். பயனரின் அடையாளம் நடுச் சர்வர் வரை வந்தது, அதைத் தாண்டி டேட்டாபேஸுக்குப் போகவில்லை. இதை டபுள் ஹாப் என்பார்கள். நேரடி இணைப்பில் ஒரே தாவல் என்பதால் வராது. இரண்டு மருந்துகள். பயனரின் அடையாளத்தைச் சர்வர் அடுத்த இடத்துக்கும் எடுத்துப்போக அனுமதிக்கும் கெர்பராஸ் டெலிகேஷனை அமைப்பது ஒன்று. அதற்கு எஸ்பிஎன் (சேவையை அடையாளம் காட்டும் பெயர்) பதிவுகள் சரியாக இருக்க வேண்டும், சர்வரின் கணக்குக்கு டேட்டாபேஸ் சேவையை மட்டும் குறிப்பிட்டு அனுமதி தர வேண்டும். மற்றது, சர்வர் தனக்கென்று ஒரு சேவைக் கணக்கில் நுழைவது. இரண்டாவதுதான் சுலபம், பூலும் ஒழுங்காக வேலை செய்யும். முதலாவதில் ஆளுக்கு ஒரு பூல் உருவாகி, பூல் வைத்ததன் பயனே போய்விடும்.

ஆனால் சேவைக் கணக்கில் போனால், தணிக்கைப் பதிவில் எல்லா மாற்றத்தையும் ஒரே ஆள் செய்ததாக இருக்கும். வரிசை அளவில் அனுமதி வைத்திருந்தால் அதுவும் குழம்பும். இதற்கு சர்வர் ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும் உண்மையான பயனர் யார் என்று டேட்டாபேஸிடம் சொல்லியாக வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் 2016 முதல் செஷன் கான்டெக்ஸ்ட் இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் பரிவர்த்தனைக்குள் செட் லோக்கல். வெறும் செட் போட்டால், பூலுக்குத் திரும்பிய இணைப்பில் முந்தைய பயனரின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்தவருக்கு அவருடைய தரவு தெரிந்துவிடும். இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான், ஏனென்றால் பிழைச்செய்தியே வராது. இரண்டு பயனர்கள், பூல் அளவு 1 என்று வைத்து, மாறி மாறி அழைத்துச் சோதித்துப் பாருங்கள்.

"புதிய பதிப்புக்குப் பிறகு பழைய கணினிகள் விழுகின்றன"

டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு பத்தியின் பெயரை மாற்றியிருப்பீர்கள், நேரடியாக இணையும் பழைய நிரல்கள் அதே பழைய பெயரைத்தான் கேட்கும். அவசரத்துக்குப் பழைய பெயரில் ஒரு வியூ (அட்டவணைபோலவே தெரியும் வினவல்) போடலாம். கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாக் கணினியும் நிற்கிறது என்பதும் இதே குடும்பம்தான். ஒவ்வொரு கணினியிலும் அமைப்புக் கோப்பில் டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கிறது என்றால், அதைப் படிக்கத் தெரிந்த எவரும் உங்கள் நிரல் இல்லாமலே உள்ளே நுழையலாம். மறையாக்கி வைத்திருக்கிறோம் என்பது பதில் ஆகாது, திறவுகோலும் அதே கணினியில்தான் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் ஒட்டுப் போட்டு மாளாது, சர்வர்தான் வழி.

"பெரிய ஏற்றுமதி எடுத்தால் சர்வர் சாகிறது"

இங்கே மட்டும் நான் மறுபக்கம் நிற்பேன். 50 லட்சம் வரிசைகளை எடுத்து, ஜேசானாக்கி, எச்டிடிபியில் அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி பிரிப்பது வீண் உழைப்பு. முதலில் டிரைவரைப் பாருங்கள்: போஸ்ட்கிரெஸின் ஜாவா டிரைவர் இயல்பாக விடை முழுவதையும் நினைவகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் முதல் வரியைத் தரும். ஃபெட்ச் சைஸ் (ஒரு தடவைக்கு எத்தனை வரி) வைத்து, ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு கட்டளையையும் தனிப் பரிவர்த்தனையாக உடனே முடிப்பது) அணைத்தால்தான் துண்டு துண்டாக வரும். அதைச் செய்தும் போதவில்லை என்றால், பகுப்பாய்வு செய்பவர்களுக்கும் இரவு நேரத் தரவு ஏற்றத்துக்கும் நேரடி இணைப்பே கொடுங்கள். முதன்மை டேட்டாபேஸில் அல்ல, படிப்பதற்கு மட்டுமான நகலில். தரவை மொத்தமாக எடுக்கக் காப்பி கட்டளை இருக்க, எபிஐ எதற்கு?

நகலில் ஓடும் நீண்ட வினவல், ரிகவரியோடு (முதன்மையின் மாற்றங்களை நகலில் பதிக்கும் வேலை) மோதல் என்று சொல்லி நடுவில் அறுபடலாம். முதன்மையிலிருந்து வரும் மாற்றம் காத்திருக்கும் இயல்பு நேரம் 30 விநாடிதான். ஏற்றுமதிக்கென்றே வைத்த நகல் என்றால் அந்த நேரத்தைத் தாராளமாகக் கூட்டலாம். அந்தப் பயனர் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்து, கனெக்‌ஷன் லிமிட்டை 5 என்று வைத்துவிடுங்கள்.